மூணு பாத்தி, ஒரே நியாயம்

ஆட்டுக்கு வயிறு நிரம்பிவிட்டது. அதுதான் சிக்கல்.

முண்டு மிளகாய்ப் பாத்தியில் ஒரு மூலையை மொட்டையடித்துவிட்டு அது தலையைத் தூக்கிப் பார்த்தபோது, வரப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அது தின்ன ஆரம்பித்ததிலிருந்தே நின்றிருந்தவர்கள்தான். விரட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விரட்டும்படி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கம் கருக்கானேந்தலில் கிடையாது.

முதல் ஆள் நிலத்துக்காரன் வழிவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டியின் தம்பி கூரியப்பன். மூன்றாவது ஆள் சாத்தையா, ஊருக்கே சித்தப்பு. ஆடும் அவருடையதுதான். ஆனால் அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சொல்லியிருந்தது இதுதான். டவுனிலிருந்து மிளகாய் ஆராய்ச்சி பண்ணுகிற பொற்கொடி மேடம் வந்து, வழிவிட்டானின் கிணற்றடி நிலத்தில் பக்கம் பக்கமாக மூன்று பாத்தி போட்டார். ஒன்றில் உருண்டையான முண்டு. ஒன்றில் நீளமான சம்பா. மூன்றாவதில் அவரே கொண்டுவந்த புது ரகம். அதற்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நம்பர் யாருக்கும் வாயில் நுழையாததால் ஊரில் அதை மேடம் மிளகாய் என்றார்கள். எது கூடுதலாகக் காய்க்கிறது, எந்தப் பழம் நிறமும் காரமுமாகத் தேறுகிறது என்று பார்க்க வேண்டும். கிளம்பும்போது மேடம் திரும்பி நின்று ஒன்று சொன்னார்.

“மூணு பாத்தியும் ஒரே மாதிரி இருக்கணும்ண்ணே. தண்ணியோ உரமோ எதுவானாலும் சரி, ஒண்ணுக்கு நடக்கிறது மத்த ரெண்டுக்கும் நடக்கணும். இல்லேன்னா சோதனையே வீண்.”

இப்போது முண்டுக்கு ஆடு நடந்துவிட்டது. மத்த ரெண்டுக்கும் நடக்கவில்லை.

“அப்ப மத்த ரெண்டையும் இது தின்னாகணும்” என்றார் சாத்தையா.

ஆட்டைச் சம்பாப் பாத்திக்குள் தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள். அது இரண்டு இலையை மோந்து பார்த்துவிட்டு ஏப்பம் விட்டது. மேடம் மிளகாய்க்குள் விட்டார்கள். படுத்துக்கொண்டது. தன் வீட்டில் பசியோடு இன்னொரு ஆடு இருக்கிறது, ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்று கூரியப்பன் கேட்டான். நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. சாத்தையா கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தலையை ஆட்டி மறுத்தார்.

“வேற ஆடுன்னா வேற பல்லு, அப்பு. ஒரே மாதிரின்னு எப்படிச் சொல்லுவ?”

மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அவசரம் என்றால் ஓட வேண்டும். மூவரில் ஒருவரும் ஓடவில்லை. ஆகவே இது அவசரமில்லை என்று தீர்மானித்து, ஆட்டைச் சுற்றி உட்கார்ந்து அதற்குப் பசி எடுக்கும் வரைக்கும் காத்திருந்தார்கள். அன்றைக்கு வழிவிட்டானுக்குத் தண்ணீர் முறை. அது பக்கத்துக் கொல்லைக்குப் போய்விட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் ஆடு எழுந்து மற்ற இரண்டிலும் பாத்திக்கு ஒரு மூலை என்று நியாயமாகத் தின்று முடித்தது. மூவரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

இதில் சிரிக்க முடியாத ஆள் ஒருத்தன் உண்டு என்றால் அது வழிவிட்டான்தான். காரணம் இருக்கிறது. மிளகாய் எடுக்க வரும் வியாபாரி, ஒரே ரகமாக இல்லாவிட்டால் லாரியை இனி ஊருக்குள் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் ஊர் கூடி, இந்தச் சோதனையில் எது ஜெயிக்கிறதோ அதைத்தான் அடுத்த பட்டத்தில் எல்லாரும் போடுவது என்று முடிவு பண்ணியிருந்தது. வழிவிட்டான் வீட்டில் அவன் அப்பன் காலத்திலிருந்தே முண்டுதான். அவன் பெண்டாட்டி முத்திருளாயி வேறு மிளகாயில் வைத்த குழம்பைக் குழம்பு என்றே சொல்ல மாட்டாள், வெந்நீர் என்பாள். முண்டு தோற்றால் அந்த நிலத்தில் முண்டு கிடையாது, அந்த அடுப்பில் குழம்பும் கிடையாது. சம்பா ஜெயித்தால் அது கூரியப்பனுக்குச் சந்தோஷம். அவன் வீட்டில் சம்பாதான்.

ஆக, முண்டு ஜெயிக்க வேண்டும் என்று வழிவிட்டான் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தான். வெளியே மூன்றையும் ஒன்றாக நடத்தினான். அவன் குடும்பம் சொல் தவறாத குடும்பம். சொல்லைத் தவிர வேறு எதுவும் அந்தக் குடும்பத்தில் பெரிதாகச் சேரவில்லை.

முத்திருளாயிக்கு இந்த நியாயமெல்லாம் ஆகாது. “காவல் நீதான இருக்க? நம்ம பாத்திக்கு ஒரு கை கூடுதலா வச்சா உன் கை தேஞ்சா போகும்?” என்று காலையும் மாலையும் இடித்தாள். அவன் மசியவில்லை என்றதும், அவன் கிணற்றில் குளிக்கிற நேரம் பார்த்து ஒரு கூடை ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவந்து முண்டுக்குக் கொட்டிவிட்டுப் போனாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். பெண்டாட்டியைத் திட்டவில்லை. பேசாமல் போய் இன்னொரு கூடை எடுத்துவந்து சம்பாவுக்குக் கொட்டினான், இன்னொன்றை மேடம் மிளகாய்க்கு. கடைசிக் கூடையில் கொஞ்சம் குமித்து அள்ளியிருந்தான் போல. மேடம் மிளகாய்க்குத் தூக்கலாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட முண்டுக்கும் சம்பாவுக்கும் கொஞ்சம். அதில் சம்பாவுக்கு ஒரு பிடி தூக்கல். மறுபடி முண்டுக்கு. இப்படியே தொழுவத்தில் புழுக்கை தீர்கிற வரைக்கும் நடந்தான். வருஷம் பூராவும் மொத்த நிலத்துக்கும் போட வைத்திருந்த குப்பை மூன்று பாத்திக்குள் அடங்கிவிட்டது. செடிகள் கழுத்து வரைக்கும் புழுக்கையில் நின்றன. முத்திருளாயி வந்து பார்த்துவிட்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அடுத்து நிழல் வந்தது. கிணற்றடியில் ஒரு வேம்பு நிற்கிறது. சாயங்காலமானால் அதன் நிழல் சம்பாப் பாத்தியில் மட்டும் விழும். இதைக் கண்டுபிடித்து முறையிட்டவன் கூரியப்பன். இங்கேதான் நீங்கள் அவனைப் புரிந்துகொள்ள வேண்டும். அவனும் யோக்கியன்.

“மச்சான், ஏஞ் சம்பா குளுகுளுன்னு நிழல்ல நிக்கிது. உங்க முண்டு வெயில்ல வாடுது. எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்கிது.”

மரத்தை வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனவே வழிவிட்டானும் கூரியப்பனும் தினமும் சாயங்காலம் வேட்டியை அவிழ்த்து, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, முண்டுப் பாத்திக்கு மேல் விரித்து நின்றார்கள். மேடம் மிளகாய்க்குச் சாத்தையாவின் வேட்டி. அதன் மறுபக்கத்தைக் கிணற்றுத் தூணில் கட்டிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாக வீட்டுக்குப் போகிற பொம்பளைகள் சுற்றுப் பாதையில் போக ஆரம்பித்தார்கள். காற்றில் இலை ஆடினால் நிழலும் ஆடும் என்பதால் வேட்டியையும் ஆட்ட வேண்டியிருந்தது. அதில்தான் தோள்பட்டை போனது என்று வழிவிட்டான் பின்னாளில் சொல்வான்.

அப்புறம் மேடம் மிளகாய்க்கு இலைச்சுருட்டை வந்தது. இலையெல்லாம் ஓரம் மடங்கிக் கிண்ணம் மாதிரி சுருண்டுவிட்டன. முண்டும் சம்பாவும் கொழுகொழுவென்று விரிந்து நின்றன. மற்ற ஊராக இருந்தால் நோய் வந்த செடிக்கு மருந்து அடிப்பார்கள். இவர்கள் மற்ற இரண்டு பாத்தியிலும் உட்கார்ந்து இலை இலையாகச் சுருட்ட ஆரம்பித்தார்கள். சாத்தையா ஒரு காலத்தில் பீடி சுற்றியவர். அவர் கை வேகமாக ஓடியது. விட்டால் இலை மறுபடி விரிந்துவிடுகிறது என்று வாழைநாரால் ஒவ்வொன்றையும் கட்டினார்கள். கூரியப்பன் கட்டியது தளர்ந்திருக்கிறது, நோய் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று சாத்தையா அவனை இரண்டு முறை திரும்பக் கட்ட வைத்தார்.

ஆனால் மிளகாய்ச் செடிக்கும் ரோஷம் உண்டு போலிருக்கிறது. இத்தனைக்கும் மீறிக் காய்த்தது. அதிலும் முண்டு காய்த்த காய்ப்பு இருக்கிறதே, கிளை தாங்காமல் தரையில் சாய்ந்தது. பச்சை கறுத்து, கறுப்பு சிவந்து, குண்டுமணியைக் கொட்டினாற்போல் கிடந்தது. சம்பாவும் மோசமில்லை. மேடம் மிளகாய் சுருண்ட இலைக்குள் சுணங்கிக் கிடந்தது. குருடன்கூடத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். வழிவிட்டான் தினமும் முண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மற்ற இரண்டுக்கு முன்னாலும் அதே நேரம் விருப்பமில்லாமல் நின்றான்.

பழுத்ததும் காரம் பார்க்க வேண்டும். விருப்பு வெறுப்பு இல்லாத நடுநிலையான ஆளாகப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் முண்டு, பாதிப் பேர் சம்பா. டீக்கடையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் சாத்தையா கண்டுபிடித்தார். தபால்காரர் அருளானந்து காய்ச்சலில் படுத்து எழுந்து நாக்கு செத்துக் கிடந்தார். உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாது. அவரைவிட நடுநிலையான நாக்கு ஜில்லாவிலேயே கிடையாது.

அருளானந்து மூன்று மிளகாயையும் முழுசாக மென்று தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கிலிருந்து ஒழுகியது, காது சிவந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

“மூணும் ஒண்ணுதாம்ப்பா. ஒரு ருசியும் தெரியல” என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுக் கண்மாயைப் பார்த்து ஓடினார்.

மூன்றும் ஒன்று என்று வந்ததில் சாத்தையாவுக்கு ஏகப்பட்ட பெருமை. மேடம் ஆசைப்பட்டபடியே ஒரே மாதிரி இருக்கிறது என்றார். இனி எடை ஒன்றுதான் பாக்கி. எடையில் முண்டுதான் ஜெயிக்கும், அது வழிவிட்டானுக்குத் தெரியும். எடை போடுகிற நாள் நல்லபடியாக வந்தால் போதும் என்று ஊர் அய்யனாருக்கு வேண்டிக்கொண்டான். வேண்டும்போதும் மூன்று ரகத்தின் பெயரையும் சொல்லித்தான் வேண்டினான். மேடம் பேச்சு அய்யனாருக்கும் பொருந்தும் அல்லவா.

எடைக்கு முதல் நாள் மேடமே போன் பண்ணினார். கூரியப்பன் ஸ்பீக்கரில் போட்டான். மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக் கேட்டார்கள்.

“நாளைக்குக் காலையில வரேன். அதுக்குள்ள ஓரத்துச் செடியெல்லாம் எடுத்துருங்கண்ணே. ஓரத்துல நிக்கிற செடிக்குக் காத்தும் வெளிச்சமும் கூடுதலா கிடைச்சிருக்கும், அதைச் சேர்த்தா கணக்குத் தப்பாயிரும். ஓரத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. உள்ள இருக்கிறதை மட்டும்தான் எடை போடணும்.”

இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. உடனே இறங்கி மூன்று பாத்தியிலும் சுற்றி நின்ற ஓரத்து வரிசையைக் காயோடு பிடுங்கி வரப்பில் குவித்தார்கள். எடையில் சேராத சரக்கு என்பதால் மூன்றையும் ஒரே குவியலாகவே போட்டார்கள். வேலை முடிந்தது என்று வழிவிட்டான் கையைத் தட்டினான்.

கூரியப்பன் மட்டும் பாத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றான். “மச்சான், தப்பா நினைக்காதீக. இப்ப ஓரத்துல நிக்கிறது யாரு?”

பார்த்தார்கள். உண்மைதான். முன்பு இரண்டாவது வரிசையாக இருந்தது இப்போது ஓரத்தில் நின்றது. வெட்கமே இல்லாமல் நின்றது.

“அது நேத்து வரைக்கும் உள்ள இருந்த செடி மாப்ள” என்றான் வழிவிட்டான்.

“நேத்து எங்க இருந்தா என்னப்பு? மந்திரியா இருந்தவன் பதவி போனதும் மந்திரியா?” என்றார் சாத்தையா. “ஓரத்துல ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னாக. இது ஓரத்துல இருக்கு.”

பிடுங்கினார்கள். அடுத்த வரிசை ஓரத்துக்கு வந்தது. ஓரம் இவ்வளவு பிடிவாதமானது என்று மேடம் சொல்லவே இல்லையே என்று கூரியப்பன் அங்கலாய்த்தான். பிடுங்கப் பிடுங்க அது உள்ளே உள்ளே போனது. வழிவிட்டான் ஒவ்வொரு முண்டுச் செடியையும் பிடுங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். காய் கனத்தில் வேர் தானாகவே கழன்று வந்தது. கடைசியில் பாத்திக்கு ஒரு செடி மிஞ்சியது.

“இது நட்ட நடுவுல நிக்கிது. இதுக்கு மேல ஓரம் வராது” என்று வழிவிட்டான் முண்டுச் செடிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு செடியில் ஒரு பை நிறையப் பழம் இருந்தது. அதை வைத்தே ஜெயித்துவிடலாம்.

சாத்தையா செடியை வலம் வந்தார். கிழக்கே நின்று பார்த்தார், மேற்கே நின்று பார்த்தார். உட்கார்ந்தும் பார்த்தார்.

“நடுவுன்னா ரெண்டு பக்கமும் ஆள் இருக்கணும்ல. எங்க இருக்கு? அங்கிட்டிருந்து பார்த்தாலும் இதுதான் ஓரம், இங்கிட்டிருந்து பார்த்தாலும் இதுதான் ஓரம். மத்ததெல்லாம் ஒரு பக்கந்தான் ஓரம். இது நாலு பக்கமும் ஓரம். இருக்கிறதுலயே பெரிய ஓரம் இதுதாம்ப்பு.”

கூரியப்பன் மச்சான் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வழிவிட்டான் குனிந்தான். பிடுங்கினான்.

மறுநாள் பொற்கொடி மேடம் தராசோடு வந்து இறங்கினார். மூன்று பாத்தியும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றிலும் ஒன்றுமில்லை. வரப்பில் மூன்று ரகமும் பின்னிப் பிணைந்து, வெயிலில் துவண்டு, குப்பையாகக் கிடந்தன. பாதியை ஆடு தின்றிருந்தது. யார் வீட்டு ஆடு என்பதை விட்டுவிடலாம். மேடம் தராசைக் கீழே வைத்தார். வரப்பிலேயே உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், குடித்தார், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார். நடந்ததை மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தப்பு என்மேலதாண்ணே. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே நான் எதைச் சொன்னாலும், தயவு பண்ணி, அதைச் செய்யாதீங்க.”

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். வழிவிட்டான் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டான். மேடம் எதைச் சொன்னாலும் செய்யக் கூடாது. சுலபமான வேலைதான்.

அதற்குள் சேதி கேட்டு முத்திருளாயி கஞ்சி வாளியோடு ஓடிவந்தாள். பாத்தியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு நேராக மேடத்திடம் போனாள். எடைதான் போட முடியவில்லையே தவிர, கண் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்த்ததுதானே, முண்டு காய்த்த மாதிரி எதுவும் காய்க்கவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சம்பாக்காரனான கூரியப்பன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதையும் மேடம் கவனித்தார்.

ஒரு பட்டம் முழுக்க வீணாகப் போகாமல் ஏதாவது ஒன்று மிஞ்சட்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வழிவிட்டான் முன்னால் வந்து நின்றார்.

“நிலமும் உங்களோடது, காவலும் நீங்கதான். உங்க வார்த்தையை நான் நம்பறேன். அக்கா சொல்றது நிஜம்னா தலையை மட்டும் அசைங்கண்ணே. போதும். முண்டுதான்னு ஊர்க்காரங்ககிட்டச் சொல்லிட்டு நான் கிளம்பறேன்.”

வழிவிட்டானின் கண் விரிந்தது. அப்பன் காலத்து முண்டு, ஊர் முழுக்க முண்டு, லாரி நிறைய முண்டு. தலை தானாகவே கீழே இறங்கப் பார்த்தது. பாதி வழியில் அவனுக்கு உறைத்தது. சொல்வது யார்? மேடம்.

இரண்டு கையாலும் தலையைக் காதோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“என்னய்யா பண்ற? அசை” என்று முத்திருளாயி விலாவில் குத்தினாள்.

தலை அவன் கைக்குள் துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. “மாப்ள, முடியல, அசையுதுடா” என்று பல்லிடுக்கில் முனகினான்.

“விட்டுறாதீக மச்சான், இந்தா வந்துட்டேன்” என்று கூரியப்பன் பின்பக்கமாகப் பாய்ந்து பிடரியைப் பிடித்தான். சாத்தையா குனிந்து, தாடை கீழே இறங்காதபடி தோளால் முட்டுக்கொடுத்து நின்றார். மூன்று பேருக்கும் வியர்வை வழிந்தது.

“லேசா அசைச்சாக்கூடப் போதும்ண்ணே” என்றார் மேடம்.

வழிவிட்டான் அசைக்கவில்லை.